இந்தியப் பயணத்தில் சமையல் வகுப்பு: சமைக்கத் தெரிந்தவர்கள் எதற்குப் போக வேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஜனவரியில் அம்மாவும் அவருமாகப் பன்னிரண்டு நாள் இந்தியா போகிறார்கள்: சென்னை, மதுரை, காரைக்குடி, கடைசியாகக் கொச்சி. இடையில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அடுப்படியில் நின்று கையால் சமைத்துப் பழகும் வகுப்பில் சேர விருப்பம். தங்கச்சிக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது, அம்மா சைவம். "சமையல் பழக இந்தியாவுக்கா போகவேணும்? என்னைக் கேட்டால் சும்மா சொல்லித் தரமாட்டேனா?" என்பது அம்மாவின் கட்சி. காசு கொடுத்துப் போவது பிரயோசனமா, எங்கே போவது, எதைப் பார்த்துத் தெரிவு செய்வது என்பதுதான் கேள்வி.

அம்மா சொல்வதில் பாதி சரி. இட்லியும் சாம்பாரும் பழக ஒருவரும் விமானம் ஏறத் தேவையில்லை. மற்றப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பதினாறு வருடமாக ஹம்டன் லேன் பக்கத்தில் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள். தொழிலுக்கு உதவும் என்ற நினைப்பில் இதுவரை இந்தியாவில் ஐந்து வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டு வகுப்புகளுக்கு நான் கொடுத்த காசைப்போல் மூன்று மடங்கு கொடுத்திருக்கலாம். ஒன்று பரவாயில்லை. மிச்சம் இரண்டையும் நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, அது காரத்தால் அல்ல.

முதலில் அந்த எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். கடலோர ஊரொன்றில் ஒரு சுற்றுலா விடுதி. பதினான்கு பேர், ஒரே ஒரு அடுப்பு. எல்லோருக்கும் வெள்ளை ஏப்ரன், தலையில் கடதாசித் தொப்பி. வெங்காயம் ஏற்கெனவே பொரித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. இஞ்சியும் உள்ளியும் அரைத்த விழுதாகப் போத்தலில் இருந்தன. என் கையில் ஒரு தக்காளியைத் தந்தார்கள். வெட்டினேன். இரண்டரை மணித்தியாலத்தில் நான் செய்த சமையல் அவ்வளவுதான். சமைத்தது என்ன தெரியுமா? பட்டர் சிக்கன், நான் ரொட்டி, ஜீரா ரைஸ். ஜன்னலுக்கு வெளியே வள்ளங்கள் மீனோடு வந்து நிற்கின்றன, உள்ளே டெல்லிச் சாப்பாடு. பட்டர் சிக்கன் டெல்லி உணவகங்களில் பிறந்தது. அது தங்களுடைய கண்டுபிடிப்பு என்று மோதி மஹால், தரியாகஞ்ச் என்ற இரண்டு உணவகக்காரர்கள் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மல்லுக்கு நின்றார்கள். அதைப் பழக ஆசையென்றால் டெல்லியில் பழகலாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, என்னென்ன சமைக்கப் போகிறார்கள் என்ற பட்டியல். அந்த ஊர் வீட்டில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சமைக்கும் சாப்பாடு அதில் இருக்கிறதா? இருந்தால் மேலே கேளுங்கள். 'இந்திய உணவு' என்று பொதுவாகப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் எழுதிக் கேட்காமல் போன் எடுத்தே கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை அடுப்பு, மசாலாவை அங்கேயே வறுத்து அரைக்கிறோமா அல்லது அரைத்தது தயாராக இருக்குமா, சந்தைக்குக் கூட்டிப் போவீர்களா, சைவத்துக்கு வேறு சட்டியும் வேறு கரண்டியும் உண்டா. ஆறு பேருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். மசாலா தயாராக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னாலும் போகமாட்டேன், ஏனென்றால் நமக்குத் தெரியாதது அந்த மசாலா மட்டும்தான். வெங்காயம் வதக்க நமக்குத் தெரியும்.

இன்னொரு கேள்வியும் முக்கியம், ஆனால் அதை நாசூக்காகக் கேட்க வேண்டும்: சொல்லித் தரப் போவது யார்? பல இடங்களில் வீட்டுச் சொந்தக்காரர் ஆங்கிலத்தில் அழகாகப் பேசுவார். பின்னால் ஒரு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசாமல் நிற்பார். உண்மையில் முப்பது வருடமாக அந்தக் குசினியை நடத்துபவர் அவர்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவரோடு கதைக்க வழியில்லை. நமக்கு உண்டு! தமிழ்நாட்டில் வகுப்புக்குப் போகும் கொழும்புத் தமிழருக்கு இருக்கும் பெரிய வசதி இதுதான். நான் போன நல்ல வகுப்புகள் இரண்டிலும் முதல் அரை மணித்தியாலம் சொந்தக்காரரின் பேச்சைக் கேட்டேன், பிறகு மெல்ல நகர்ந்து பின்னால் நின்ற அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பழகியதெல்லாம் அங்கேதான்.

சரி, எந்த ஊர்? என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். தூரத்துச் சமையலைவிடப் பக்கத்து வீட்டுச் சமையலைத்தான் நேரில் போய்ப் பழக வேண்டும். ராஜஸ்தான் சமையல் வகுப்பு புதினமாக இருக்கும், படம் நன்றாக வரும். ஆனால் அது நம் கைக்கு எதையும் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை. காரைக்குடி இருக்கும் செட்டிநாடும் கொச்சி இருக்கும் கேரளமும் அப்படியல்ல. பாதி நமக்குத் தெரிந்தது. அதனாலேயே எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று கை உடனே பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்து மறுவாரமே செய்து பார்க்கச் சாமானும் பெரும்பாலும் இங்கேயே கிடைக்கும். உங்கள் பாதையில் இரண்டும் இருக்கின்றன. சென்னையிலும் மதுரையிலும் வகுப்புக்கு அலைய வேண்டாம், அங்கே சாப்பிடுங்கள்.

காரைக்குடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்புக்குப் புதியவர்கள் அல்ல. புறக்கோட்டைப் பக்கம் செட்டியார் தெருவில் அவர்கள் கட்டிய கதிரேசன் கோவில்கள் நிற்கின்றன, ஆடிவேல் அங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்கு வருகிறது. பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டிக்கடை நடத்தியவர்கள் திரும்பிப் போகும்போது காசோடு சாமானும் சுவையும் கொண்டுபோனார்கள். கறுப்புக் கவுனி அரிசி பர்மாத் தொடர்பால் அவர்கள் பந்தியில் ஏறியது. ஆனால் அவர்களுடைய வீட்டுச் சமையலைக் கொழும்பில் தேடினால், 'செட்டிநாடு சிக்கன்' என்ற பெயரில் நிறையக் காரம் போட்ட கோழிக்கறிதான் பெரும்பாலும் கிடைக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் அவ்வளவு காரம் இல்லை. வாசம்தான் முன்னுக்கு நிற்கும்.

காரைக்குடியில் 'தி பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' போன்ற பழைய வீட்டு விடுதிகளில் சமையல் பழக ஏற்பாடு உண்டு. முன்கூட்டியே எழுதி நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். விடுதி இல்லாமல் வீடுகளிலும் சொல்லித் தருகிறார்கள்; நான் போனது அப்படியொரு வீடு.

அங்கே முதல் வேலையாக அந்த அம்மா என் உள்ளங்கையில் இரண்டு சாமானை வைத்தார். ஒன்று கல்பாசி. பாறையிலும் மரத்திலும் படரும் பாசியைக் காயவைத்தது. எரிந்த கடதாசித் துண்டு மாதிரி இருக்கும், பாரமே இல்லை, மூக்கில் வைத்தாலும் பெரிதாக வாசம் இல்லை. மற்றது மராட்டி மொக்கு. இலவமரத்தின் காய்ந்த மொட்டு, கராம்புக்கு அண்ணன் போல இருக்கும். "இப்ப மணக்காது, எண்ணெயில போட்டுட்டு என்னக் கூப்பிடு" என்றார். நல்லெண்ணெய் காய்ந்ததும் கல்பாசியைப் போட்டேன். நனைந்த மண், விறகுப் புகை, பழைய பெட்டகம் மூன்றையும் சேர்த்தது போல ஒரு வாசம் எழும்பியது. கூப்பிடத் தேவையிருக்கவில்லை, அவரே வந்து நின்றார். "இதுக்கு மேல ஒரு எண்ணு எண்ணினா கசக்கும்" என்று வெங்காயத்தைக் கொட்டிவிட்டார். அந்த ஒரு எண்ணை எந்தக் காணொளியிலும் காட்ட முடியாது.

உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன்: அங்கே வெள்ளைப் பணியாரம் கேளுங்கள். என் வகுப்பில் மிகவும் திணறியதும் மிகவும் சந்தோஷப்பட்டதும் அதில்தான். சாமான் ஒன்றுமே இல்லை. பச்சரிசி, உளுந்து, உப்பு, கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை சீனி. அளவுதான் அழகு. ஒரு உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அந்த அரிசிக்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாக நிற்கும் வரை போட வேண்டும். நிற்காமல் சரியும் உளுந்து வேண்டாம். உழக்கு பெரிதோ சிறிதோ, அளவு தானாகச் சரியாக வரும். இதைக் கண்டுபிடித்த ஆச்சி யாரோ, கணக்கில் கெட்டிக்காரி.

இரண்டு மணித்தியாலம் ஊறியதைப் பட்டுப் போல அரைத்து, தோசை மாவைவிடச் சற்று நீர்ப்பாகக் கரைத்து, புளிக்க விடாமல் உடனே சுட வேண்டும். புளித்தால் எண்ணெய் குடிக்கும், நிறமும் சிவக்கும். தாச்சியில் எண்ணெய், அதில் ஒரு சின்னக் கரண்டி மாவு, ஒரே ஊற்று. ஒவ்வொன்றாகத்தான். மாவு அடியில் போய், பிறகு தானாக எழும்பி, நடுவில் உப்பி, ஓரத்தில் மெல்லிய மடிப்போடு மிதக்க வேண்டும். நிறம் மாறுமுன் திருப்பி எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பணியாரம் என்றால் வெள்ளையாகவே இருக்க வேண்டும்.

என் முதல் பணியாரம் எண்ணெய் முழுவதும் பரவித் தோசை போலக் கிடந்தது. இரண்டாவது அடியில் ஒட்டியது. மூன்றாவது உருண்டு போண்டாவானது. அந்த அம்மா சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, "கரண்டியத் தூக்காத, எண்ணெய்க்குப் பக்கத்துல கொண்டு போய்ச் சாய்ச்சு விடு" என்று ஒரு தடவை கையோடு கை வைத்து ஊற்றினார். ஏழாவது சரியாக வந்தது. ஊரில் பதினைந்து வருடம் சமைத்து விற்றவள், ஏழாவது பணியாரத்துக்குச் சின்னப் பிள்ளை போலக் கைதட்டினேன். தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. அதற்கு உருண்டையாக இருக்கும் குண்டு மிளகாய் போடுகிறார்கள். ராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.

அம்மாவுக்கு இன்னொன்று: வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைப்பது. நாங்கள் வாளியில் ஊற்றிவிடும் தண்ணீரில் ஒரு கறி! இப்போது என் வாடிக்கையாளர்களுக்கு மாதம் இரண்டு தடவை போகிறது, அது என்ன தண்ணீர் என்று நான் சொல்வதில்லை.

இனிச் சொற்களைப் பற்றி. தமிழர்தானே, விளங்கும் என்று போனால் முதல் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நான் உள்ளி கேட்டேன், அந்த அம்மா வெங்காயத்தை நீட்டினார். அங்கே பூண்டு. தேசிக்காய் எலுமிச்சை, பெருஞ்சீரகம் சோம்பு, செத்தல் மிளகாய் காய்ந்த மிளகாய். கறி என்றால் பல வீடுகளில் இறைச்சி என்று விளங்குவார்கள். சைவமான அம்மா "கறி நல்லாயிருக்கு" என்று மரக்கறியைப் பாராட்டினால் கொஞ்சம் குழப்பம் வரும். சர்க்கரை என்றால் பல இடங்களில் வெள்ளைச் சீனியைத் தருவார்கள். நாம் சர்க்கரை என்பதற்கு அங்கே வெல்லம் என்று கேட்க வேண்டும்.

இவையெல்லாம் சின்னக் குழப்பம். கசகசா பெரிய குழப்பம். குருமாவுக்குக் கசகசா அரைத்துச் சேர்க்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்ல, நானும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அங்கே அவர் போட்டது அரைத்த விழுதாக இருந்ததால் விதையை நான் பார்க்கவில்லை. கொழும்புக்கு வந்து, கசகசா என்று கேட்டு வாங்கி, ஊறவைத்து அரைத்துக் குருமாவில் ஊற்றினேன். குருமா பசையாகிவிட்டது. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வருகிறது. பிறகுதான் உறைத்தது: நம் ஊரில் கசகசா என்று பலூடாவில் போடுவது திருநீற்றுப்பச்சை வகை விதை, தண்ணீர் பட்டால் வழுவழுவென்று வீங்கும். அங்கே கசகசா என்பது பொப்பி விதை. அதைக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம், சில நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். ஊறவைத்த கஜுவை அரைத்துப் போட்டால் குருமா தடிக்கும், நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அன்றைக்கு முப்பத்திரண்டு பார்சலுக்குக் குருமா இல்லாமல் பருப்புக்கறி போனது வேறு கதை.

கறுவாவையும் கவனிக்க வேண்டும். அங்கே பட்டை என்று கடையில் விற்பது பெரும்பாலும் கசியா வகை. தடித்த ஒற்றைப் பட்டை, உறைப்பான வாசம். நம் கறுவா மெல்லிய சுருள் பல சேர்ந்தது, இனிப்பு வாசம், மென்மையானது. வகுப்பில் எழுதிய 'இரண்டு துண்டு பட்டை'யை இங்கே அப்படியே போட்டால் அந்த ருசி வராது. இரண்டில் எது உயர்ந்தது என்று அங்கே வாதாடப் போக வேண்டாம். ஒரு பக்கெட் நல்ல கறுவாவைக் கொண்டுபோய்ச் சொல்லித் தரும் அம்மாவின் கையில் கொடுங்கள். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள் நூறு கிராமும் சேர்த்துக் கொடுங்கள். மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்து அரைக்கும் குழம்புத்தூள் அங்கும் உண்டு, ஆனால் நம் தூளின் வாசம் வேறு. நான் கொடுத்த தூளை அந்த அம்மா மோந்து பார்த்துவிட்டு, வகுப்பில் இல்லாத இரண்டு பலகாரத்தைத் தானாகவே சொல்லித் தந்தார்.

கொச்சிக்கு வருவோம். இங்கே மொழி கொஞ்சம் இடிக்கும், ஆனால் குசினி நமக்கு இன்னும் கிட்ட. பிட்டு, அப்பம், இடியப்பம், தேங்காய்ப்பால் எல்லாம் இருக்கும். மீன் மொய்லி செய்யும்போது, மஞ்சள், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றிய உடனேயே உங்களுக்குத் தெரிந்துவிடும், இது நம் சொதியின் ஒன்றுவிட்ட சகோதரி என்று. அதனால் மொய்லிக்கு ஒரு நாள் வகுப்பை வீணாக்காமல், குடம்புளி போட்ட சிவப்பு மீன்கறியைக் கேளுங்கள். குடம்புளி என்றால் நம் கொறக்காதான், சிங்கள வீடுகளில் அம்புல் தியலுக்குப் போடுவது. நாம் தமிழர்கள் பழப்புளியையே பிடித்துக்கொண்டிருப்பதால், பக்கத்து வீட்டு மணத்தைப் பல வருடம் மோந்துகொண்டிருந்தும் கொறக்காவைக் கையாளத் தெரியாமல் இருக்கிறோம். எத்தனை துண்டு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ருசி சரியானதும் துண்டுகளை எடுத்துவிடுவதா விடுவதா என்று நான் கொச்சியில்தான் பழகினேன். மண்சட்டியில் மீன் போட்ட பிறகு கரண்டி உள்ளே போகவே கூடாது. இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியைச் சுழற்ற வேண்டும். அடுத்த நாள்தான் சாப்பிட வேண்டும் என்பார்கள். வகுப்பில் அன்றைக்கே சாப்பிடத் தருவார்கள், ருசி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் உங்கள் பிழை என்று நினைக்க வேண்டாம். கொச்சியில் இரண்டு இரவு தங்குவதென்றால் முதல் நாள் வகுப்பை வைத்து, மிச்சத்தைப் போத்தலில் வாங்கிவந்து மறுநாள் காலையில் அப்பத்தோடு சாப்பிடுங்கள்.

அம்மா அதே வகுப்பில் மீன் வாசத்தோடு நிற்க வேண்டியதில்லை. ஓணச் சாப்பாட்டில் வரும் அவியல், ஓலன், எரிசேரி எல்லாம் சைவம். அவியலை ஒருவர் கையால் பார்க்க வேண்டும்: மரக்கறிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, அதிகம் கிளறாமல், அடுப்பை அணைத்த பிறகு பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் விட்டு மூடி வைப்பது. அந்தக் கடைசி மூடலைத் தவறவிட்டால் வெறும் மரக்கறிக் கூட்டு. இன்னொன்று, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலைக் காலம். மாலை போட்டவர்கள் இருக்கும் வீடுகளில் மீனும் இறைச்சியும் சமைக்க மாட்டார்கள். உங்களுக்கு மீன் வேண்டும் என்றால் போனில் முதலிலேயே கேளுங்கள்.

அளவு எழுதும் விஷயத்தில் என் பழக்கம் ஒன்று. யாரும் 'கிராம்' சொல்லமாட்டார்கள். உழக்கு, ஒரு கை, ரெண்டு விரல், கொஞ்சம். நம் சுண்டு அங்கே கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். அந்த அம்மா 'ஒரு கை மல்லி' என்று அள்ளியதும், சட்டியில் போடுமுன் தராசில் கொட்டச் சொல்லுங்கள். முதலில் விநோதமாகப் பார்ப்பார், பிறகு தன் கை எவ்வளவு பிசகாமல் அள்ளுகிறது என்று பார்க்க அவருக்கே ஆசை வந்துவிடும். என் வகுப்பில் அந்த அம்மா மூன்று தடவை அள்ளி, மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே நிறை. உப்பு கல்லுப்பா தூளுப்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் ஒன்றல்ல. காணொளி எடுப்பதென்றால் உங்கள் அம்மா எடுக்கட்டும், நீங்கள் கரண்டியைப் பிடியுங்கள். எண்ணெய்க் கையோடு போனைத் தொட்டு, கல்பாசி கருகி, எல்லாம் நடந்திருக்கிறது.

ஒரு வகுப்பில் எட்டுப் பத்துச் சாமான் செய்து காட்டுகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். மூன்று போதும் என்று சொல்லுங்கள். காசு அதேதான், ஆனால் ஒவ்வொன்றையும் பிழையாக ஒரு தடவையும் சரியாக ஒரு தடவையும் செய்ய நேரம் கிடைக்கும். ஏழாவது பணியாரம் வரைக்கும் போக நேரம் வேண்டாமா?

காசைப் பற்றி: இந்திய ரூபா ஒன்றுக்கு நம் ரூபா மூன்றுக்கு மேல் என்பதை மறந்து, எண்ணைப் பார்த்து மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லும் விலையில் சந்தைச் செலவு, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அடக்கமா என்று கேளுங்கள். பின்னால் நிற்கும் அம்மாவுக்குத் தனியாக ஒரு தொகையைக் கடித உறையில் போட்டுக் கொடுங்கள், சொந்தக்காரர் மூலமாக அல்ல.

விசாவுக்குப் பயப்படத் தேவையில்லை. இந்தியாவின் இ-சுற்றுலா விசாவிலேயே இப்படியான குறுகிய சமையல் வகுப்புக்கு இடமுண்டு. ஆறு மாதத்துக்கு மேற்படாத, முறைப்படியான பாடநெறியாக இல்லாத, தகுதிச் சான்றிதழோ டிப்ளோமாவோ தராத வகுப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரு நாள் பணியாரத்துக்கு அது போதும். ஹோட்டல் பாடசாலையில் சேரும் எண்ணம் இருந்தால்தான் வேறு விசா. மதுரையிலிருந்து காரைக்குடிக்குச் சாலையில் நூறு கிலோமீட்டருக்குள்தான். காலை வகுப்பு என்றால் முதல் நாள் இரவே போய்ச் சேர்ந்துவிடுங்கள், ஏனென்றால் அரிசியும் உளுந்தும் ஊறப் போடுவதிலிருந்தே நிற்க வேண்டும்.

ஒரேயொரு நாள்தான் கிடைக்கும் என்றால் காரைக்குடி. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. கொச்சி மீன்கறியை நான் உங்களுக்கு ஹம்டன் லேனிலேயே செய்து காட்டலாம், கொறக்காவும் மீனும் இங்கே உண்டு. பணியாரத்துக்கு அந்த மணிக்கட்டுப் பிடி வேண்டும்.

தைப்பொங்கலோடு சேரும் மூன்று நான்கு நாட்களைத் தவிருங்கள். செட்டிநாட்டில் வெளியூரிலிருக்கும் குடும்பங்களெல்லாம் பெரிய வீடுகளுக்குத் திரும்பி வரும் நேரம், குசினியில் உங்களுக்கு நிற்க இடம் இருக்காது. திகதி முடிவானதும் சொல்லுங்கள், கறித்தூள் நான் வறுத்துத் தருகிறேன். கறுவா மட்டும் நீங்கள் வாங்குங்கள், மெல்லிய சுருளாகப் பார்த்து. அம்மாவை இப்போது ஒன்றும் சம்மதிக்க வைக்க வேண்டாம். கூட்டிப் போய், உளுந்து கோபுரமாக நிற்கும் அந்த உழக்கை அவரிடமே பிடிக்கக் கொடுங்கள்.